ஆறு தட்டு மௌனம்

பார்சலைப் பிரித்தவுடன் யூகலிப்டஸ் தைல வாசனை வந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே நீங்கள் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உயிரோடு இருக்கும்வரை அந்தக் கழுத்துத் துணியை நீங்கள் யாருக்கும் அனுப்பியிருக்க மாட்டீர்கள்.

சாம்பல் நிறக் கம்பளித் துணி. நான்காக மடித்து, நடுவில் ஒரு கேசட்டை வைத்திருந்தார் உங்கள் கணவர். கூடவே ஆங்கிலத்தில் ஒரு தாள். முதல் பனி விழுந்த வாரத்தில் போய்விட்டாள், வலியில்லாமல் போனாள், இவை இரண்டும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போக வேண்டும் என்று சொல்லியிருந்தாள் என்று எழுதியிருந்தார். கேசட்டின் மேல் ஒட்டியிருந்த தாளில் பென்சிலால் ஓர் இசைக்குறி, பக்கத்தில் ஆறு என்ற எண். அந்தக் குறி எனக்குத் தெரியும். பாட்டில் பாடாமல் நிற்க வேண்டிய இடத்துக்குப் போடுவது. விரலால் ஆறு முறை தட்டும் நேரம் நிற்க வேண்டும் என்று பொருள். அதை ஏன் கேசட்டின் மேல் போட்டிருக்கிறீர்கள் என்றுதான் புரியவில்லை.

பார்சல் வந்து மூன்று நாளாகிறது. இன்னும் போட்டுக் கேட்கவில்லை. எந்த ஞாயிற்றுக்கிழமை பதிவு செய்தது என்று எனக்குத் தெரியும். அதில் உங்கள் பாட்டு இருக்கிறது, அதன் முடிவில் நான் சொன்ன பொய்யும் இருக்கிறது.

"போட்டுக் கேட்டாத்தான் என்ன? பாம்பு இருக்க பெட்டி மாதிரில சுத்திச் சுத்தி வார" என்கிறார் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு இருமுகிறார். உங்களுக்கு அவரைத் தெரியாது, அவருக்கு உங்களை நன்றாகத் தெரியும். நீங்கள் பாடும்போது ஜன்னலுக்கு வெளியே சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்ற ஃபிட்டர்களில் அவரும் ஒருவர். நீங்கள் பாடிய அதே மில் ஷெட்டில்தான் இன்னும் வேலை பார்க்கிறார்.

எண்பதுகளின் கடைசி அது. நான் ராஜபாளையத்தில் அந்த நூல் மில்லின் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் கோவிலில் ஆர்கன் வாசிப்பேன், அதுவும் ஊருக்குத் தெரியும். ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டார்.

"ஏம்மா, நீ சர்ச்சுல வாசிக்கிற பிள்ளைதான? புது மிஷின் மாட்ட வந்திருக்காரே ஜெர்மன் என்ஜினியர், அவரு வீட்டம்மா பெரிய பாட்டுக்காரவியளாம். கூட வாசிக்க ஆளு வேணுங்காவிய. ஞாயித்துக்கிழமை மத்தியானம் வந்திரு."

பெரிய பாட்டுக்காரவிய என்றதும் நான் பட்டும் நகையுமாக யாரையோ நினைத்துக்கொண்டு வந்தேன். நீங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் மர நாற்காலியில் உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தீர்கள். பங்குனி வெயில். கழுத்தில் யூகலிப்டஸ் தைலம் தடவிய கம்பளித் துணி. ஆறடிக்குப் பக்கம் உயரம், ஐம்பதைத் தொட்ட வயது. என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் விரல்களைப் பார்த்தீர்கள். பஜனைக் குழுவின் ஆர்மோனியத்தை மேனேஜர் அனுப்பி வைத்திருந்தார். உங்கள் ஊரில் அறுபது பேர் உட்கார்ந்து வாசிக்கும் பாட்டுக்கு இங்கே நான் ஒருத்தி, ஒரு கையால் துருத்தியை அமுக்கிக்கொண்டு. இரண்டாவது வரியில் தப்பாக வாசித்துவிட்டு உதட்டைக் கடித்தேன். நீங்கள் சிரித்தீர்கள். "தப்புவது பெரிதில்லை. எங்கே தப்பினாய் என்று உனக்குக் கேட்கிறதே, அது போதும்" என்றீர்கள். நம் இருவருக்கும் நடுவில் இருந்தது உடைந்த ஆங்கிலம்தான். அது போதுமானதாக இருந்தது.

புது ஷெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் கணவர் மாட்ட வேண்டிய எந்திரங்கள் அப்போது கப்பலில் இருந்தன. தரை போட்டு, கூரை போட்டு, காலியாகக் கிடந்தது ஷெட். நீங்கள் உள்ளே போய் நடுவில் நின்று ஒரே ஒரு சுரத்தை விட்டீர்கள். அது போய்க் கடைசிச் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது. உங்கள் முகம் மாறிப்போனதை நான் பார்த்தேன். "அறைக்குள் பாடினால் என் குரல் என் முகத்திலேயே அடிக்கிறது. இங்கே அது போய்விட்டு வருகிறது. இதுதான் என் தியேட்டர்" என்றீர்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும், மில்லுக்கு வார விடுமுறை நாளில், ரிப்பேர் பார்க்க வந்த ஃபிட்டர்கள் ஜன்னலில் நிற்க, அங்கேதான்.

வெளியே என்ன பேசினார்கள் என்று உங்களிடம் நான் சொன்னதில்லை. வாட்ச்மேன் முதல் வாரமே என்னை நிறுத்தி, "எம்மா, அந்த அம்மாவுக்கு வயித்து வலியா? எம்புட்டு நேரமா கத்துதாவ, யாரும் போய்ப் பார்க்க மாட்டீகளா?" என்று கேட்டார். நிஜமான கவலையோடுதான் கேட்டார். நான் சிரித்துச் சிரித்து பஸ் வன்னியம்பட்டியைத் தாண்டும்வரை கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

ஆனால் அந்தச் சத்தம் எனக்குள் என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதுவரை நான் கேட்டிருந்த பாட்டெல்லாம் கேட்பவரைச் சமாதானப்படுத்தும் பாட்டு. உங்களுடையது அப்படியில்லை. என் விலா எலும்பு அதிர்ந்தது. ஒரு மனுஷிக்குள் இத்தனை சத்தம் இருக்க முடியும், அதை வெளியே விட வெட்கப்படத் தேவையில்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. வாரம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைக்காக டைப் அடித்தேன்.

வாட்ச்மேனின் வெள்ளை நாயை நினைவிருக்கிறதா? ராஜபாளையத்து நாய், எலும்பும் தோலுமாக, மூக்கு மட்டும் ரோஜா நிறம். நீங்கள் பாடும்போது ஷெட் வாசலில் படுத்துக்கொண்டு அசையாமல் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். "எத்தனை அமைதியாகக் கேட்கிறான் பார். உலகத்திலேயே நல்ல ரசிகன் இவன்தான்" என்றீர்கள். அதற்குள் உங்களுக்கு எங்கள் ஊர்ச் சொல் ஒன்று பழகியிருந்தது. கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, "நெசமா?" என்று கேட்டீர்கள்.

அந்த ஜாதி வெள்ளை நாய்களில் பலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதற்கும் கேட்காது. ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"நெசமா, மேடம்" என்றேன்.

அது முதல் பொய். ஒரு நாயைப் பற்றியது, யாருக்கும் கெடுதல் இல்லை. அப்படித்தான் நினைத்தேன்.

உங்கள் கதையை நீங்கள் ஒரே மூச்சில் சொன்னதில்லை. வெந்நீர் ஆறும் நேரத்தில், நான் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் செத்த நேரம் கிடைத்தபோது, துண்டு துண்டாகச் சொன்னீர்கள். ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். அப்பா துணி வெளுக்கும் கடை. உங்களுக்கு ஆறு வயதில் போர். குண்டு விழும்போது வீட்டுக்கு அடியில் நிலவறைக்குள் போய்விடுவீர்கள். விளக்கு கிடையாது. அம்மா பிள்ளைகள் மூன்று பேரையும் வாயை மூடிக்கொண்டு முனகச் சொல்வாராம். மூன்று முனகலும் கேட்டால் மூன்று பேரும் இருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒருநாள் பக்கத்து வீட்டின் மேல் விழுந்தது. தூசி அடங்கியபின் அம்மா முனகச் சொன்னார். நீங்கள் முனகினீர்கள், அக்கா முனகினார். தம்பி முனகவில்லை. அம்மா மறுபடியும் சொன்னார்.

"நான் பாட ஆரம்பித்தது அங்கேதான்" என்றீர்கள். "பாடகர்கள் எல்லோரும் சுரத்தைப் படிப்பார்கள். நான் முதலில் படித்தது மௌனத்தை." அன்று அதை ஒரு துயரக் கதையாக மட்டும் கேட்டுக்கொண்டேன்.

பிறகு நகரத்து ஓபரா அரங்கில், முழுக்கப் பாட்டாகவே நடக்கும் நாடகங்களில், பின்வரிசைக் கூட்டத்தில் நின்று பதினோரு வருஷம். முகம் தெரியாத கிராமத்துப் பெண், முகம் தெரியாத வேலைக்காரி. ஒருநாள் கதாநாயகிக்குக் காய்ச்சல். மாலை நான்கு மணிக்கு உங்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். உங்களுக்கு எல்லோருடைய பாட்டும் மனப்பாடம். பத்து பன்னிரண்டு வருஷம் நாயகியாகவே பாடினீர்கள். இளமை போனபின் ராணிகள், தாய்கள், சூனியக்காரிகள். உங்களைக் கேட்க வாராவாரம் ரயில் ஏறி வந்த எந்திரக்காரர் ஒருவரை நாற்பத்தாறு வயதில் கல்யாணம் செய்துகொண்டு, அவர் பின்னால் தேசம் தேசமாக வந்தீர்கள். எங்கள் ஊரும் அப்படி வந்ததுதான்.

ஆடி மாதம் கடிதம் வந்தது. பழுதுபார்க்க மூடியிருந்த உங்கள் அரங்கைத் திரும்பத் திறக்கிறார்கள். திறப்பு நாளில் நீங்கள் பாட வேண்டும். மகனைப் பறிகொடுத்த தாயின் வேடம். கடைசிக் காட்சியில் ஒரே மூச்சில் ஏறி, உச்சியில் நிற்க வேண்டிய ஒரு சுரம். கடிதத்தை எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினீர்கள். எதிர்வரும் தை மாதத்தில் புறப்பட வேண்டும் என்றீர்கள்.

அதே மாதம் எந்திரங்களும் வந்தன.

பஞ்சைச் சீவும் எந்திரங்கள் வரிசையாக ஷெட்டில் ஏறின. ஆவணியில் ஓட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எந்திரம் நிற்கும், பஞ்சுத் தூசி நிற்காது. கூரைக் கம்பியில், ஜன்னல் விளிம்பில், ஆர்மோனியத்தின் துளைகளில் எல்லாம் உட்கார்ந்திருக்கும். கதவைத் திறந்தால் மேலேயிருந்து மெல்ல மெல்ல இறங்கும். உங்களுக்கு அது பிடித்திருந்தது. "எங்கள் ஊர்ப் பனி" என்று கையை நீட்டிப் பிடித்தீர்கள். நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

எனக்கு அந்தத் தூசியைத் தெரியும். என் அப்பா இருபத்தாறு வருஷம் பஞ்சுப் பொதியை உடைத்து அடிக்கும் பகுதியில் வேலை பார்த்தவர். விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள்தான் அவருக்கு நெஞ்சு இறுகும், குரல் கட்டும். மறுநாள் தேவலை. வாரக் கடைசியில் ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். அப்புறம் ஒரு திங்கட்கிழமை கட்டிய குரல் செவ்வாய்க்கிழமையும் விடவில்லை. மில்காரர் வீடுகளில் இதன் அடையாளம் எல்லோருக்கும் தெரியும். வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள்.

புரட்டாசியில் நீங்களும் அவரும் கொடைக்கானலுக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தீர்கள். வந்த மறுநாள் ஷெட்டில் அவரைப் பார்த்துவிட்டு மதியம் ஆபீஸுக்கு வந்து என்னிடம் ஏதோ கேட்டீர்கள். உங்கள் பேச்சில் அப்பாவின் திங்கட்கிழமைக் குரல் இருந்தது. எனக்குக் கை டைப்ரைட்டர் மேல் அப்படியே நின்றுவிட்டது.

தூசியா, வயதா, உங்களுக்கு முன்பே இருந்த ஏதோ ஒன்றா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் டாக்டர் இல்லை. ஆனால் அடுத்த ஞாயிறு அந்த உச்ச சுரத்தில் நீங்கள் போய் நின்றபோது எனக்குக் கேட்டது. முறுக்கு தளர்ந்த நூல் அறுவதற்கு முன் கொஞ்சம் ஆடுமே, அப்படி ஓர் ஆட்டம். அரை வினாடிதான். நீங்கள் கீழே இறங்கி வந்து, நெஞ்சில் கை வைத்து, "நெசமா?" என்றீர்கள். நன்றாக இருக்கிறதா என்பதற்கும் அந்த ஒரே சொல்தான் உங்களுக்கு.

"நெசமா."

அன்றுதான் எனக்கு விளக்கமாகச் சொன்னீர்கள். பாடுகிறவருக்குத் தன் குரல் சரியாகக் கேட்காது, மண்டை ஓட்டுக்குள் கேட்பது வேறு, வெளியே கேட்பது வேறு. உங்கள் அரங்கில் கிழவர் ஒருவர் இருந்தார், இருபது வருஷம் உங்களுக்கு ஒரு பொய்கூடச் சொல்லாதவர். அவர் செத்துப்போனார். "இனி நீதான் என் காது. சரியில்லை என்றால் சொல். நான் எழுதிப் போட்டுவிடுவேன், வேறு யாராவது பாடுவார்கள். வர முடியவில்லை என்று சொன்ன பாடகியை ஒரு மாதத்தில் மறந்துவிடுவார்கள். மேடையில் உடைந்த பாடகியை மறக்கவே மாட்டார்கள்." என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள். இதற்கு மேல் எப்படித் தெளிவாகக் கேட்பது?

என்னால் முடிந்ததைச் செய்தேன் என்று கொஞ்ச நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். தூசியில்லாத இடம் வேண்டும் என்று எங்கள் கோவில் மூப்பரிடம் போய்க் கேட்டேன். "கோயிலுக்குள்ள நாடகப் பாட்டா? ஏட்டி, உனக்குப் புத்தி கித்தி பெசகிருச்சா? பாதிரி அய்யரு காதுல விழுந்தா உன்னைய ஆர்கன் பக்கமே விட மாட்டாரு" என்றார். உங்களிடம் வந்து கோவிலில் வெள்ளையடிக்கிறார்கள் என்றேன். அது இரண்டாவது பொய்யா, பத்தாவதா, எனக்குக் கணக்கில்லை. சுக்கும் மிளகும் தட்டிப் போட்ட கருப்பட்டிக் காபியைத் தூக்குவாளியில் கொண்டுவந்து கொடுத்தேன். "இத குடிச்சா சரியாப் போயிரும்" என்று சொன்னேன். நீங்களும் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தீர்கள்.

எங்கள் வீடுகளில் நோயாளியிடம் நோயைச் சொல்வதில்லை, மேடம். டாக்டர் அழைத்துச் சொல்வது வீட்டாரிடம். வீட்டார் வெளியே வந்து சிரித்துக்கொண்டே "ஒண்ணுமில்லையாம்" என்பார்கள். வந்து பார்க்கிறவர்களும் "போன தடவைக்கு இப்ப தெளிச்சியா இருக்கீக" என்பார்கள். அதுதான் மரியாதை, அதுதான் பாசம். விருந்தாளி என்றால் இன்னும் ஒரு படி மேல். இது பொய் என்றே எங்களுக்குத் தோன்றாது. அந்தப் பழக்கத்தை உங்களுக்கும் செய்தேன். அப்படிச் சொல்லி முடித்துவிட்டால் எனக்குச் சௌகரியம். இன்னொன்றும் உண்டு. உண்மையைச் சொன்னால் நீங்கள் பாடுவதை நிறுத்திவிடுவீர்கள், எனக்கு ஞாயிற்றுக்கிழமை இருக்காது.

கார்த்திகை மழையில் ஒருநாள் அப்பாவிடம் கேட்டேன். அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"ஒரு ஆளுக்கு மேலுக்குச் சரியில்லைன்னு நமக்குத் தெரியுது. அவியளுக்குத் தெரியல. சொல்லணுமாப்பா?"

அப்பா போர்வையை நெஞ்சுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். "எனக்கு டாக்டர் சொன்னத நீங்க யாராச்சும் சொன்னீகளா? சளின்னீக. நானும் சளின்னே நெனச்சுக்கிட்டேன்."

"கோவமாப்பா?"

"கோவம் என்னத்துக்கு? நல்லாத்தான இருந்துச்சு." இருமி முடித்துவிட்டுச் சொன்னார், "என்ன, தெரிஞ்சிருந்தா வேலைய விட்டிருப்பேன். நாலு வருசம் கூட இருந்திருப்பேன்."

முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு நான் எழுந்து போய்விட்டேன். அந்தக் கார்த்திகை முடிவதற்குள் அப்பா போய்ச் சேர்ந்தார். துக்கத்துக்கு நீங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை பஸ்ஸில் வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு, தரையில் எங்களோடு உட்கார்ந்திருந்தீர்கள். மறுவாரமும் நான் ஆர்மோனியத்தைத் திறந்தேன். ஆட்டம் அரை வினாடியிலிருந்து ஒரு வினாடியாகியிருந்தது.

நீங்கள் புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு உங்கள் கணவர் டேப் ரிகார்டரைக் கொண்டுவந்து ஒரு பொதியின் மேல் வைத்துவிட்டுப் போனார். ஜன்னலில் வழக்கமான கூட்டம். அன்று யாரும் சிரிக்கவில்லை, அது எனக்கு என்னவோ போல் இருந்தது. கடைசிக் காட்சியைத் தொடங்கினீர்கள். ஏறினீர்கள். உச்சிக்குப் போய் நின்றீர்கள். அங்கே உங்கள் குரல் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று மேலே நின்றது, இன்னொன்று கரகரவென்று கீழே. உடனே சேர்ந்துகொண்டது, நீங்கள் பாடி முடித்துவிட்டீர்கள். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து, உடம்பை உதறிவிட்டு, வெளியே போனது. அதற்கு எதுவும் கேட்டிருக்க முடியாது, வெறும் பசியாக இருந்திருக்கும்.

"நெசமா?" என்றீர்கள்.

"நெசமா, மேடம்" என்றேன். இப்படித்தான் இத்தனை வருஷமாக என் நினைவில் இருக்கிறது.

பங்குனியில் உங்கள் கணவர் மட்டும் திரும்பி வந்தார், பாக்கி வேலையை முடிக்க. என்னிடம் குற்றம் சொல்லும் குரலில் பேசவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. முதல் இரண்டு காட்சியும் நன்றாக நடந்ததாம். கடைசியில் நீங்கள் வாயைத் திறந்தீர்களாம், சுரம் வரவில்லையாம். காற்று மட்டும் வந்ததாம். வாத்தியக்காரர்கள் எல்லோரும் நிறுத்திவிட்டு உங்களையே பார்த்திருக்கிறார்கள். நீங்கள் கைகளைக் கோத்துக்கொண்டு, திரை விழும்வரை நகராமல் நின்றிருக்கிறீர்கள். மறுநாள் பேப்பரில் வந்ததாம். "இப்போது சமையலறையில்கூட முனகுவதில்லை" என்றார். முனகுவதில்லை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அந்த நிலவறை ஞாபகம் வந்தது. டாய்லெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நான் உங்களுக்கு எழுதவில்லை. பத்துத் தடவை தாளை மெஷினில் மாட்டி எடுத்திருப்பேன். நீங்கள் மட்டும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கார்டு அனுப்பினீர்கள், கீழே உங்கள் பெயர், அவ்வளவுதான். என்னை மன்னித்ததாலா, எதையும் சந்தேகிக்காததாலா என்று தெரியாமலேயே அந்தக் கார்டுகளை வாங்கி வாங்கி வைத்தேன். எனக்குக் கல்யாணமானது. மில் வேலையை விட்டேன். கோவிலில் பாடகர் குழுவை நடத்துகிறேன்.

இதுவரை நேற்று எழுதியது. இன்று திங்கட்கிழமை. வீட்டுக்காரர் வேலைக்குப் போனபின் வாசல் கதவைச் சாத்திவிட்டு, கேசட்டைப் போட்டேன்.

முதலில் ஆர்மோனியம். அதன் பின்னால் நீங்கள். அந்தக் குரலை மறந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன், விலா எலும்பு மறக்கவில்லை. உச்சியில் பிரிந்த இடத்தில் இந்தத் தடவையும் கண்ணை மூடிக்கொண்டேன். பாட்டு முடிந்தது. "நெசமா?" என்று உங்கள் குரல்.

பதில் இல்லை.

கூரையில் புறா சிறகடிக்கிறது. தூரத்தில் ஒரு லாரி. என் குரல் இல்லை. என்னையறியாமல் என் விரல் மேசையில் தட்டிக்கொண்டிருந்தது. நாலு, ஐந்து, ஆறு. அப்புறம் மறுபடியும் உங்கள் குரல், தணிந்து, அவசரமாக, கிட்டத்தட்ட கெஞ்சுவது போல. "நெசமா?"

இரண்டாவது முறை நீங்கள் கேட்டது எனக்கு ஞாபகமே இல்லை.

"நெசமா, மேடம்" என்று அந்தப் பெண் சொல்கிறாள். பளிச்சென்று, சிரித்துக்கொண்டு. பிறகு ஒரு கிளிக், டேப் நிற்கிறது.

ஆக, உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆறு தட்டு மௌனத்தில் நான் சொன்னதை நீங்கள் கேட்டுவிட்டீர்கள், நிலவறையில் தம்பி முனகாததை உங்கள் அம்மா கேட்டதைப் போல. கேட்டுவிட்டு, இரண்டாவது முறை கேட்டு, என்னைப் பொய் சொல்ல வைத்தீர்கள். அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு விமானம் ஏறினீர்கள். அதைத்தான் பென்சிலால் குறித்து அனுப்பியிருக்கிறீர்கள். நீ சொல்லிவிட்டாய், பெண்ணே, கேட்காதவள் நான்தான் என்று.

உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. ஆனால் எனக்கு அது ஏறவில்லை. கோபம்கூட வருகிறது உங்கள் மேல். நீங்கள் கெஞ்சினாலும் நான் சொல்லியிருக்க வேண்டும். அதற்காகத்தானே என் கையைப் பிடித்தீர்கள்? வாயைத் திறந்து சொல்லாததை உண்மை என்று நான் எந்தக் கணக்கில் வைப்பது? ஆறு தட்டு எவ்வளவு நீளம் என்று இன்று தட்டிப் பார்த்துவிட்டேன். "வேண்டாம் மேடம், போகாதீங்க" என்று சொல்ல அதில் பாதி நேரம்கூட வேண்டியதில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சாயங்காலமாகி, ஷிப்ட் முடிந்து அவர் வந்துவிட்டார். சைக்கிளை நிறுத்தும் சத்தம், கொல்லைப்புறத் தொட்டியில் செம்பு மோதும் சத்தம். உப்புத் தண்ணீரில் தொண்டையைக் கொப்பளிக்கிறார். போன திங்கட்கிழமையும் கொப்பளித்தார், அதற்கு முந்தின திங்கட்கிழமையும். செவ்வாய்க்கிழமை குறைந்துவிடும் என்று நானும் இருந்தேன். போன வாரம் புதன்கிழமைவரை விடவில்லை.

"ஏளா, தொண்டையில என்னமோ கட்டிக்கிட்டே நிக்கி. நேத்து தல குளிச்சது சேரல போல. சளிதான?" என்று கொல்லையிலிருந்து கேட்கிறார். அப்பாவின் குரல் அது. உங்கள் குரலும் கூட.

பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்ப் பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விரல் தட்ட ஆரம்பிக்குமுன் சொல்லிவிட்டேன்.

"இல்லங்க. சளி இல்ல. அப்பாவுக்கு வந்தது."

செம்பு தொட்டியின் விளிம்பில் நின்றது. அவர் திரும்பவில்லை. முதுகு மட்டும் தெரிந்தது, முடியில் ஒட்டியிருந்த பஞ்சும் தெரிந்தது. நான்கு தட்டு, ஐந்து, ஆறு. பிறகு திரும்பி, சிரிக்கப் பார்த்து, முடியாமல், என் முகத்தையே பார்த்துக் கேட்டார்.

"நெசமாவா?"

"நெசமா" என்றேன்.